மாதிரி குளிர்விக்கப்பட்டது

வெள்ளைக்கல் சுரங்கத்துக் குவியலிலிருந்து
கால் மூட்டை கொடுத்தார்கள், ரசீது இல்லாமல்.
அமிலத்தில் கரைத்தேன். நவச்சாரம் கலந்து வறுத்தேன்.
மூன்று முறை வடித்த பிறகும்
அடியில் ஒரு பழுப்பு மிச்சம்:
இரும்பு.
கஞ்சமலை தெரிகிற ஊரில்
அது இல்லாத கல் கிடைத்தால்தான் அதிசயம்.
நான்காம் முறை போய்விட்டது.
போய்விட்டதாகக் குறிப்பேட்டில் எழுதினேன்.

அந்த மக்னீசியம் குளோரைடோடு
பொட்டாசியம் குளோரைடு,
ஒரு சிட்டிகைக்கும் குறைவாக நிக்கல்.
அறுநூற்றைம்பது டிகிரியில்
உப்பு தண்ணீராய் ஓடுகிறது என்று சொல்ல வாய் வரும்.
சொல்லக் கூடாது.
ஒரு துளி ஈரம் பட்டால் எல்லாம் கெட்டுப்போகும் இடம் அது.
தண்ணீர்போலத் தெளிந்து
தண்ணீரை அண்டவிடாத ஒன்று.

அதற்குள் நிக்கல் நீலம்.
நான்கு குளோரைடு சூழ்ந்தால் நீலம்,
ஆறு சூழ்ந்தால் மஞ்சள்.
சூட்டில் விலகுவார்கள், ஆறினால் நெருங்குவார்கள்.
ஏற்காடு பஸ்ஸில்
கொண்டை ஊசி வளைவுகள் ஏற ஏறக்
குளிர் வந்து,
மூன்று பேர் சீட்டில் நான்காவது ஆள்
உறுத்தாமல் போவதுபோல
என்று சுகந்தமணியிடம் சொன்னேன்.
"பஸ் கிடக்கட்டும்,
இரண்டும் சேர்ந்து இருக்கிறது என்பதற்குக் கோடு எங்கே?"
என்றாள். அவள் சொன்னது நியாயம்.
என் கோடுகள் எல்லாம் நடுங்கிக்கொண்டிருந்தன.

வியாழக்கிழமை, மூன்று இருபது.
விசிறி நின்றது.
உலையின் சிவப்பு எண்கள் அணைந்தன.
நிறமாலைமானி மட்டும் பேட்டரியில் ஓடியது,
பீப், பீப் என்று பயந்துகொண்டு.
ஓமலூர் ரோட்டில் கம்பி அறுந்துவிட்டதாம்,
ஆறு மணி ஆகுமாம் என்று
வாசலிலிருந்தே கத்திவிட்டுப் போனார் சடையப்பன்.

உப்பு உறைந்தால் குவார்ட்ஸ் குப்பி வெடிக்கும்.
குப்பியின் விலை என் மூன்று மாத உதவித்தொகை.
இப்போதே தூக்கிக் கவிழ்த்தால் குப்பி பிழைக்கும்.
இடுக்கி கையில்தான் இருந்தது.

அப்போதுதான் திரையைப் பார்த்தேன்.
கோட்டில் நடுக்கம் இல்லை.
எட்டு மாதமாக நான் சபித்த நடுக்கம்
உலைக்குப் போன மின்சாரத்தினுடையது;
அது போனதும்
பென்சிலால் இழுத்ததுபோல ஒரு வளைவு.

இடுக்கியைக் கீழே வைத்தேன்.

வெப்ப இணையைக் கைமீட்டரில் மாட்டி
நான்கு நிமிடத்துக்கு ஒரு வளைவு.
அறுநூற்றிருபது.
ஐந்நூற்றுத் தொண்ணூறு.
எழுநூறு நானோமீட்டரில் நின்ற மேடு சரிந்தது,
நானூற்றைம்பது பக்கம்
சின்னதாய் ஒரு கரடு எழுந்தது.
ஐந்நூற்று நாற்பது.
ஒன்று எவ்வளவு இழந்ததோ
மற்றது அதற்கேற்ப எழுந்தது.
ஒன்பது வளைவுகள்,
ஒன்பதும் ஒரே இடத்தில் குறுக்கே வெட்டிக்கொண்டன.
இல்லை, ஒரே இடம் என்பது பொய்.
ஆறும்போது உப்பு அடர்கிறது, புள்ளி கொஞ்சம் நகர்கிறது.
நகர்ந்ததையும் பார்த்தேன்.
அதுவும் அழகாகத்தான் இருந்தது.

உலையின் துளை வழியே எட்டிப் பார்த்தால்
நீலம் பச்சையாகி,
பச்சை என்று சொல்லி முடிப்பதற்குள்
மஞ்சளாகிக்கொண்டிருந்தது.

நானூற்று இருபத்தெட்டில் ஒரு சத்தம்.
சுண்டு விரலில் சொடக்கு எடுத்ததுபோல, அவ்வளவுதான்.
உடனே பேட்டரியும் போய்விட்டது.

கட்டுரையில் எழுத வேண்டியது ஒரே வரி:
மாதிரி குளிர்விக்கப்பட்டது.
யாரால் என்று கேட்காத வினைச்சொல்.
அறுந்த கம்பிக்கு நன்றி சொல்ல
கடைசிப் பக்கத்தில் இடம் உண்டா என்று கேட்டேன்.
சுகந்தமணி ஒன்பது வளைவுகளையும்
மேசையில் பரப்பிவைத்து
ரொம்ப நேரம் பேசவில்லை.
பிறகு, "குப்பிக்கு என்ன செய்யப் போகிறாய்?" என்றாள்.

உடைந்ததை ஒரு பீங்கான் தட்டில் போட்டு
மறந்துவிட்டுப் போயிருந்தேன்.
இரவு மலைப்பக்கமிருந்து மழைக்காற்று வந்திருக்கிறது.
காலையில் மஞ்சள் கட்டி கசிந்து, கரைந்து,
தட்டில் பச்சையாய்த் தேங்கி நின்றது.
ஆறு தண்ணீர் வந்து
ஆறு குளோரைடின் இடத்தில் உட்கார்ந்துவிட்டது.

ஜன்னலைச் சாத்தவில்லை.
பழைய துணியால்
மேசையைத் துடைத்தேன்.